சேமநிதியும் ஓய்வூதியமும்: இரயில்வே ஊழியர் நலன் வளர்ந்த வரலாறு

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். மலரை அணிசெய்யும் புலமை நமக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, 2002-ஆம் ஆண்டில் கலாசியாக இரயில்வேயில் புகுந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தராகி, இன்று ஓய்வு பெறுவோரின் கணக்கை முடித்துக் கொடுக்கும் பிரிவில் அமர்ந்திருக்கும் சாதாரண ஊழியர் நாம். இலக்கியம் பற்றி எழுதப் புலவர்கள் உளர். இசை பற்றி எழுத அம்மையார்கள் உளர். நமக்குத் தெரிந்தது கோப்பு ஒன்றே. ஆயினும் கோப்புக்குள்ளும் வரலாறு உறங்குகின்றது என்பதையும், அந்த வரலாறு நமது காலனியின் ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் தொட்டு நிற்கின்றது என்பதையும் எண்ணியே எழுதத் துணிந்தோம்.

காலனியில் நெடுநாள் இருப்போர் 'பாய்லர் பாட்டி'யை மறந்திருக்க மாட்டார்கள். அம்மூதாட்டியார் காலஞ்சென்று ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கணவர் நீராவி எஞ்சின் காலத்தில் லோகோ ஷெட்டில் பாய்லர் வேலை பார்த்தவர். 1966-இல் ஓய்வு பெற்று, 1974-இல் மறைந்தார். பாட்டியார் மகன் வீட்டில் இருந்தார். அடுத்த வரிசையில் இருந்த கார்டு ஒருவரின் மனைவியும் அவரைப் போன்றே கணவரை இழந்தவர். அந்த அம்மையாருக்கு மாதந்தோறும் குடும்ப ஓய்வூதியம் வந்தது. அகவிலை ஏற ஏற அதுவும் ஏறிற்று. பாட்டியாருக்கோ 1986 ஜனவரி முதல் கணக்கிட்டு வழங்கப்பட்ட மாதம் 150 ரூபாய்க் கருணைத் தொகையே தொடக்கம். பின்னர் அது சிறிது சிறிதாக உயர்ந்தது. இருவர் கணவன்மாரும் ஒரே இரயில்வேக்கு உழைத்தவர்கள். ஒரே புகையை உண்டவர்கள். பின் ஏன் இந்த வேற்றுமை? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்டமும் தருமமும்

இந்திய நாட்டில் முதற் பயணிகள் வண்டி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிற்று. நமது தென்னாட்டில் 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விடப்பட்டது. அந்நாளில் பாதைகளைப் போட்டவை இங்கிலாந்தில் பங்கு திரட்டிய தனியார் கம்பெனிகள். 1849-இல் ஏற்பட்ட ஒப்பந்தங்களின்படி, பங்குதாரருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வருவாய் கிடைப்பதற்கு அரசாங்கமே உறுதி கூறிற்று. முதல் போட்டவருக்கு இவ்வாறு முதல் நாளிலேயே பாதுகாப்பு கிடைத்துவிட்டது. மண் சுமந்தவருக்கும் மலை குடைந்தவருக்கும் அத்தகைய உறுதி யாரும் கொடுக்கவில்லை. பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே மலைத்தொடரைக் கடந்து 1863-இல் திறக்கப்பட்ட பாதைக்காகக் காலராவிலும் விபத்திலும் மடிந்தோர் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் பெயரைக் கூட இன்று எவரும் அறியார்.

பாதை ஓடத் தொடங்கிய பின்னர்தான் கம்பெனிகளுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பழகிய டிரைவரும் பிட்டரும் நோயால் விழுந்தாலோ, வேலையை விட்டுப் போனாலோ வண்டி நின்றுவிடும். எனவே ஜமால்பூர், கரக்பூர், பெரம்பூர் போன்ற இடங்களில் தொழிற்சாலைகளை அடுத்துக் குடியிருப்புகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. இவை முதலில் ஐரோப்பியரையும் ஆங்கிலோ இந்தியரையும் மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. பொழுதுபோக்கு மன்றங்களிலும் வெள்ளையருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என்று பிரிவு இருந்தது. நலன் என்பது உழைப்புக்கு உரிய பங்காக அன்று எண்ணப்படவில்லை; எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது போன்ற ஒரு செலவாகவே எண்ணப்பட்டது.

இன்னொரு செய்தி வியப்புக்குரியது. அக்காலத்தில் தவறு செய்த தொழிலாளிக்குத் தண்டம் விதிப்பது வழக்கம். நேரம் தவறினால் தண்டம். கருவி உடைந்தால் தண்டம். இவ்வாறு பிடித்த பணத்தைத் 'தண்ட நிதி' என்று தனியே சேர்த்து, அதிலிருந்து மன்றத்துக்கும் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் கொடுத்தார்கள். தொழிலாளியின் பையிலிருந்து எடுத்ததே தொழிலாளிக்குத் தருமமாகத் திரும்பியது! 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதற்கு ஒரு வரம்பு கட்டிற்று. ஒரு சம்பளக் காலத்தில் ரூபாய்க்கு அரை அணாவுக்கு மேல் தண்டம் பிடிக்கலாகாது. பிடித்த தொகையைத் தொழிலாளர் நன்மைக்கன்றி வேறெதற்கும் செலவிடலாகாது என்று அது விதித்தது. இன்று நமது பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும், நீண்ட நாள் நோயாளிகளுக்கு உதவித் தொகையும் வழங்கும் ஊழியர் நல நிதியின் மூதாதை இந்தத் தண்ட நிதியே. இப்போது அந்நிதிக்கு ஆளொன்றுக்கு இவ்வளவு என்று இரயில்வே வருவாயிலிருந்தே பணம் ஒதுக்கப்படுகின்றது. தண்டத்திலிருந்து உரிமைக்கு வந்த தூரம் சிறிதன்று.

சேமநிதி பிறந்த வகை

கலெக்டர் கச்சேரிக் குமாஸ்தாவுக்கு ஓய்வூதியம் இருந்த நாளில் இரயில்வேக் குமாஸ்தாவுக்கு அது இல்லை. கம்பெனிகள் வாணிக முறையில் நடந்தமையால், ஓய்வூதியம் என்னும் முடிவில்லாத சுமையை ஏற்க அவை விரும்பவில்லை. அதற்குப் பதிலாக வந்ததே பிராவிடண்டு பண்டு எனப்பட்ட சேமநிதி. ஊழியர் தம் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கட்டுவார், இரயில்வேயும் அதற்கு ஒத்த தொகையைச் சேர்க்கும், வட்டியும் கூடும். ஓய்வு பெறும் நாளில் எல்லாம் மொத்தமாகக் கைக்கு வரும். அத்துடன் கணக்கு முடிந்தது. இரயில்வேக்கும் அவருக்கும் உள்ள பணத்தொடர்பும் முடிந்தது.

இந்நிதியைக் கடன்காரர் பற்றிக்கொள்ளாமல் காக்க 1897-இல் ஒரு சட்டமும், அதைத் திருத்தி விரிவாக்கி 1925-இல் மற்றொரு சட்டமும் வந்தன. ஈட்டிக்காரனுக்கும் வட்டிக் கடைக்காரனுக்கும் சம்பளத்தைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் இறுதியில் ஏதோ மிஞ்சிற்று என்றால் அஃது இச்சட்டங்களின் பயன். ஆனால் நிதியின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. குறைந்த சம்பளம் வாங்கிய அடிமட்டத் தொழிலாளர் பலர் நெடுங்காலம் அதில் சேர்க்கப்படாமல் வெளியே நின்றனர். பாதையில் சுத்தியலும் கடப்பாரையுமாக நடந்தவனுக்கு முதுமையில் ஊன்றுகோல் மகனே. மகன் இல்லையேல் ஊன்றுகோலும் இல்லை.

கேட்டுப் பெற்றவை

நலன்கள் யாவும் மேலிருந்து தாமே பொழிந்தன என்று எண்ணுவது பிழை. 1927-இல் கரக்பூரில் பெங்கால் நாகபுரி இரயில்வேத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை வழிநடத்தியவர்களுள் ஒருவரான வி. வி. கிரி அவர்களே 1969-இல் குடியரசுத் தலைவரானார். 1928-இல் தென்னிந்திய இரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து நாகப்பட்டினம், போத்தனூர், பொன்மலை ஆகிய இடங்களில் மூண்ட போராட்டத்தில் சிங்காரவேலர் சிறை சென்றார். அப்போராட்டம் தோற்றது உண்மை. ஆனால் தோற்ற போராட்டமும் அரசாங்கத்தைச் சிந்திக்க வைக்கும். 1929-இல் விட்லி என்பவரின் தலைமையில் அமைந்த தொழிலாளர் ஆணையம் நாடெங்கும் சுற்றி விசாரித்து 1931-இல் அறிக்கை தந்தது.

இதற்கிடையில் 1930-ஆம் ஆண்டில் இரயில்வேச் சட்டம் திருத்தப்பட்டு, தொடர்ந்து வேலை செய்வோருக்கு வாரம் 60 மணி, விட்டுவிட்டு வேலை வருவோருக்கு வாரம் 84 மணி என்று வரையறை ஏற்பட்டது. வாரத்துக்கு 84 மணி என்றால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி. வாரத்தில் ஒரு நாளும் ஓய்வில்லை. அதனையும் ஒரு சலுகை என்று வரவேற்றார்கள் என்றால், அதற்கு முன்னிருந்த நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். 1947-இல் நீதிபதி இராஜாத்யக்ஷா அவர்களின் தீர்ப்பு இம்மணிகளைக் குறைத்துக் கடும் வேலைக்கு வாரம் 45, தொடர் வேலைக்கு 54, இடைவிட்ட வேலைக்கு 75 என்று நிறுத்தியது. அதே 1947-இல், நம் தமிழகத்து நீதிபதி சீனிவாச வரதாச்சாரியார் அவர்கள் தலைமை வகித்த முதற் சம்பள ஆணையம், கடைநிலை ஊழியனுக்கும் பஞ்சப்படியுடன் மாதம் 55 ரூபாய்க்குக் குறையலாகாது என்று கூறிற்று.

1952-இல் நிர்வாகமும் சங்கங்களும் ஒரே மேசையில் முறைப்படி அமர்ந்து பேசுவதற்கான நிலையான ஏற்பாடு தோன்றியது. ஆயினும் எல்லாம் மேசையிலேயே தீர்ந்துவிடவில்லை. போனஸ், சம்பளம், வேலை நேரம் ஆகியவை பற்றிய பிணக்கு முற்றி, 1974-ஆம் ஆண்டு மே 8 முதல் 27 வரை நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. பலர் சிறை புகுந்தனர். பலர் வேலை இழந்தனர். குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வேலை இழந்தோர் 1977-க்குப் பின் மீண்டும் சேர்க்கப்பட்டனர். 1979-80-ஆம் ஆண்டுக்கு உற்பத்தித் திறனை ஒட்டிய போனஸ் இரயில்வேயில் முதன்முதலாக வழங்கப்பட்டது. இன்று பூசைக் காலத்தில் நமது வீடுகளில் புதுத் துணி எடுக்கும்போது, 1974 மே மாதத்தில் உலை வைக்க வழியின்றி இருந்த வீடுகளையும் ஒரு கணம் நினைப்பது நன்று.

1957: ஒரு காகிதத்தின் கதை

இனிப் பாய்லர் பாட்டியாரின் கதைக்கு வருவோம். கம்பெனிகள் மறைந்து இரயில்வே அரசாங்கத்தின் சொத்தான பின், மற்ற அரசு ஊழியருக்கு உள்ள ஓய்வூதியம் எமக்கும் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அதன் விளைவாக 1957 நவம்பர் 16-ஆம் நாள் முதல் இரயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றும் அதன் பின்னும் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியமே விதி. முன்னரே பணியில் இருந்தவர்களுக்கு ஒரு காகிதம் வந்தது. 'சேமநிதியிலேயே இருக்கிறாயா, ஓய்வூதியத்துக்கு வருகிறாயா? எழுதிக் கொடு' என்பதே அதன் சாரம்.

இன்று நமக்கு விடை எளிதாகத் தோன்றலாம். அன்று அவ்வாறு இல்லை. அப்போது முழுப் பணிக் காலம் முடித்தவருக்கும் ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் எட்டில் மூன்று பங்குதான். இறந்தபின் மனைவிக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதியும் அந்நாளில் போதிய அளவு இல்லை. சேமநிதியோ ஆயிரக்கணக்கில் மொத்தமாக வரும். சொந்த ஊரில் இரண்டு மா நிலம் வாங்கலாம், மகளை ஒரு நல்ல இடத்தில் கொடுக்கலாம், கடனை அடைக்கலாம். ஓய்வுக்குப்பின் எத்தனை ஆண்டு உயிரோடிருப்போம் என்று யாருக்குத் தெரியும்? நிலக்கரிப் புகையில் முப்பது ஆண்டு நின்றவனுக்கு இக்கேள்வி வெறும் பேச்சன்று. ஆகவே பல்லாயிரவர் சேமநிதியிலேயே நின்றனர். அவர்களை அறிவிலார் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தமக்குத் தெரிந்த கணக்கைச் சரியாகவே போட்டார்கள். தெரியாத கணக்கு பின்னால் வந்தது.

அந்தத் தெரியாத கணக்கு யாது? 1964 ஜனவரி முதல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஓய்வூதியக்காரர் இறந்தால் மனைவிக்கு ஆயுள்வரை ஒரு தொகை என்றாயிற்று. பின்னாளில் விலைவாசிக்கேற்ப அகவிலை நிவாரணமும் சேர்ந்தது. ஓய்வூதியத்தின் அளவும் படிப்படியாக உயர்ந்து, 1986 முதல் முழுப் பணிக் காலத்துக்குச் சம்பளத்தில் பாதி என்றாயிற்று. வயலில் ஊற்றுப் போல ஒன்று ஊறிக்கொண்டேயிருந்தது. மற்றொன்று குடத்தில் மொண்ட நீராக நாளுக்கு நாள் வற்றிற்று. 1966-இல் ஒரு திருமணத்தையும் சிறிது நிலத்தையும் முடித்த பணம், 1980-க்குப் பின் ஓர் ஆண்டு அரிசிக்கும் போதாது என்ற நிலை வந்தது.

அரசாங்கமும் வாய்ப்பை ஒரே முறையில் மூடிவிடவில்லை. புதிய சலுகை வரும்போதெல்லாம், 'இப்போதாவது ஓய்வூதியத்துக்கு வருகிறாயா?' என்று பன்னிரண்டு முறை கேட்கப்பட்டது. இறுதியாக 1987-இல், 1986 ஜனவரி முதல் நாள் பணியிலிருந்து சேமநிதியில் நின்றவர்கள், 'சேமநிதியே போதும்' என்று எழுதித் தந்தாலன்றி ஓய்வூதியத்துக்கு வந்தவராகவே கொள்ளப்படுவர் என்று ஆணை பிறந்தது. இம்மாற்றத்தின் நுட்பத்தை அன்பர்கள் நோக்குக. அதுவரை எழுதிக் கொடுத்தால்தான் ஓய்வூதியம். அதன்பின் எழுதிக் கொடுத்தால்தான் சேமநிதி. வாளாவிருந்தவனையும் காக்கும் வகையில் விதி திரும்பியது. ஆனால் அதற்கு முன்னரே ஓய்வு பெற்றுச் சென்றவர்களுக்கு அது பயன்படவில்லை.

அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1982 டிசம்பர் 17-ஆம் நாள் நகரா என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கருணையால் இடும் பிச்சையன்று, ஆற்றிய பணிக்குரிய உரிமை என்ற கருத்தை நிலைநாட்டியிருந்தது. அந்நாளையே ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகின்றனர். அந்தத் தீர்ப்பைத் துணையாகக் கொண்டு, இரயில்வேச் சேமநிதிக்காரர்களும் தமக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு வேண்டும் எனக் கேட்டனர். 1990-ஆம் ஆண்டு ஜூலையில் கிருஷ்ண குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. சேமநிதி பெற்றோர் வேறு வகுப்பினர், ஓய்வூதியம் பெறுவோர் வேறு வகுப்பினர். நிதியைக் கொடுத்ததோடு அரசின் கடமை முடிந்தது. பலமுறை வாய்ப்பும் தரப்பட்டது என்பது தீர்ப்பின் போக்கு. சட்டத்தின் கண்ணுக்கு அது சரியாக இருக்கலாம். ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருந்த இரு விதவையரைப் பார்த்த நமது கண்ணுக்கு மட்டும் ஏதோ உறுத்துகின்றது.

கருணைத் தொகை பற்றிய கடிதம் வரும்போதெல்லாம் பாட்டியார் நம்மை அழைத்துப் படிக்கச் சொல்வார். ஒரு நாள் அவர் சொன்ன சொல் இன்றும் நமது காதில் ஒலிக்கின்றது. "அவர் மேலே குற்றமில்லை, தம்பி. அந்தக் காகிதம் வந்த அன்று விளக்கடியிலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன காகிதம் என்று கேட்டேன். ஆபீஸ் காகிதம், உனக்கு என்ன தெரியும் என்றார். எனக்கும் படித்துக் காட்டியிருந்தால் நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்." அவர் என்ன வார்த்தை சொல்லியிருப்பார் என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகின்றது.

மருந்தும் மாலையும்

பணம் ஒன்றே நலனன்று. பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில்தான் 1975-ஆம் ஆண்டில் டாக்டர் கே. எம். செரியன் அவர்கள் இதய இரத்தக் குழாய் மாற்றுவழி அறுவைச் சிகிச்சையை இந்நாட்டில் முதன்முதலாக வெற்றியுடன் செய்தார். ஒரு காலத்தில் வெள்ளை அதிகாரிகளை மனத்திற் கொண்டு தொடங்கிய மருத்துவ ஏற்பாடு, சாதாரணத் தொழிலாளியின் இதயத்தையும் தொட்டுக் காக்கும் அளவுக்கு உயர்ந்தது நாம் பெருமை கொள்ளத்தக்கது. 2008 செப்டம்பர் முதல் பெண் ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 180 நாள். பிள்ளை வளர்ப்புக்கெனப் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் வரை விடுப்பும் உண்டு. இலவசப் பயணச் சீட்டோ நமக்குச் சொந்த ஊரின் மண்வாசனையையே கொண்டுவருவது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாட்டன் பாட்டியைப் பிள்ளைகள் பார்க்கின்றனர் என்றால், வீட்டுத் தமிழ் இங்கே உயிரோடிருக்கின்றது என்றால், அதில் அந்தச் சீட்டுக்கும் பங்குண்டு.

பாராட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் வண்டி ஓடிய நாளை நினைந்து நெடுங்காலம் ஏப்ரல் மாதத்தில் இரயில்வே வாரம் கொண்டாடி, சிறந்த ஊழியருக்குப் பதக்கமும் பணமும் வழங்கி வந்தனர். இப்போது அகில இந்திய அளவில் 'அதி விசிஷ்ட ரயில் சேவா புரஸ்கார்' என்னும் விருது வழங்கப்படுகின்றது. மார்கழிப் பனியில் தண்டவாளத்தில் விரிசல் கண்டு, சிவப்புத் துணி காட்டி வண்டியை நிறுத்திய பாதைத் தொழிலாளியின் பெயர் சுற்றறிக்கையில் வரும்போது, அந்த ஒரு வரி அவருக்குப் பணத்தினும் பெரிது. ஆனால் விரிசல் விடாதபடி நாள்தோறும் மரையை முடுக்கியவனுக்கு விருது இல்லை. ஏனெனில் அவன் பகுதியில் ஒன்றும் நிகழ்வதேயில்லை. ஒன்றும் நிகழாதபடி காத்தலே இரயில்வேயின் தலையாய பணி. மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுவோருக்கு மாலையிட்டுக் கணக்கைக் கையில் கொடுக்கும்போது, இதனை நினைந்தே நாம் அவர் பெயரைப் பிழையின்றி எழுத முயல்கின்றோம்.

மீண்டும் வந்த காகிதம்

வரலாறு முடிந்துவிட்டதென நினைத்தோம். முடியவில்லை. 2004 ஜனவரி முதல் நாளும் அதன் பின்னும் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. புதிய ஓய்வூதிய முறைதான். சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து ஊழியர் கட்ட, அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கும். அரசின் பங்கு 2019 ஏப்ரல் முதல் நூற்றுக்குப் பதினான்காக உயர்ந்தது. அது சந்தையில் வளர்ந்து, இறுதியில் ஒரு பகுதி கைக்கும் மறுபகுதி ஆண்டுத் தொகைக்கும் போகும். 2002-இல் சேர்ந்த நமக்குப் பழைய முறை. அடுத்த மேசையில் அமர்ந்து அதே கோப்பைப் பார்க்கும், 2006-இல் சேர்ந்த இளைஞருக்குப் புதிய முறை. பாட்டியாரும் கார்டு வீட்டு அம்மையாரும் ஒரே வரிசையில் இருந்ததுபோல் நாங்களும் ஒரே அறையில் இருக்கின்றோம்.

2025 ஏப்ரல் முதல் நாள் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. புதிய முறையில் உள்ளோர் அதற்கு மாற வாய்ப்பளிக்கப்பட்டது. 25 ஆண்டுப் பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி; இறந்தபின் துணைவருக்கு அதில் நூற்றுக்கு அறுபது; பத்தாண்டுப் பணிக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்பன அதன் முக்கிய உறுதிகள். திரண்ட தொகையைக் கையில் பெறும் வாய்ப்போ இதில் முன்னையதினும் சுருங்கியது. ஆகவே கேள்வி பழைய கேள்வியே: மொத்தமாக வருவதா, மாதந்தோறும் வருவதா? அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின் அதே காகிதம் வேறு எழுத்தில் அச்சாகி நமது காலனிக்கு வந்தது.

இதில் இது நன்று, அது தீது என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஒவ்வொருவர் வயதும் பணிக்காலமும் கடனும் குடும்பமும் வேறு. ஆனால் 1957 நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் சிலவற்றைப் பணிவுடன் கூறுவோம்.

முதலாவது, எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடுமுன் அதை வீட்டிலுள்ளோருக்கு நல்ல தமிழில் படித்துக் காட்டுக. ஓய்வூதியத்தின் கடைசிப் பத்தாண்டுகளைப் பெரும்பாலும் வாங்கப்போகிறவர் மனைவியே. அவருக்கு என்ன தெரியும் என்று எண்ணலாகாது. உப்புப் புளி விலை எந்த ஆண்டில் எவ்வளவு ஏறிற்று என்று நம்மினும் நன்கறிந்தவர் அவரே.

இரண்டாவது, பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. வடநாட்டு அலுவலகங்களில் இதனால் விளையும் குழப்பத்துக்கு அளவில்லை. மணமாகுமுன் தந்தையின் தலைப்பெழுத்து, மணமான பின் கணவரின் தலைப்பெழுத்து. ஆதாரில் ஒன்று, வங்கியில் மற்றொன்று, பணிப் பதிவேட்டில் வேறொன்று. கணவர் இருக்கும்வரை இவை மூன்றும் ஒரே பெண். அவர் மறைந்த மறுநாள் மூன்று பெண்களாகி விடுகின்றனர்! நமது பிரிவில் மாதக்கணக்கில் தேங்கும் குடும்ப ஓய்வூதியக் கோப்புகள் பல இந்த ஒரே எழுத்தால் தேங்குபவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லாப் பத்திரங்களையும் தரையில் பரப்பி ஒப்பிட்டுப் பார்த்தால் தீரக்கூடிய தொல்லை இது.

மூன்றாவது, புதிய முறையில் உள்ளோர், பணியிலிருக்கும்போதே உயிர் பிரிய நேர்ந்தால் குடும்பத்துக்குப் பழைய விதிப்படியான ஓய்வூதியம் வேண்டுமா, திரண்ட நிதி வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதித் தரும் படிவம் ஒன்று உண்டு. அமங்கலம் என்று அதனை ஒதுக்கிவைப்போர் பலர். மங்கலமான நாளிலேயே எழுதிவைத்தால் போயிற்று. வாரிசு நியமனத்தையும் அன்றே பார்த்துவிடுக. மணமாகுமுன் தாயார் பெயரை எழுதியவர்கள், மணமான பின் மாற்ற மறந்திருப்பர்.

முடிவுரை

ஒரு குறையையும் சொல்லாமல் முடித்தல் நேர்மையாகாது. நமது நிலையத்தைக் கூட்டுவோரும் வண்டிப் பெட்டிகளைக் கழுவுவோரும் இன்று பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களுக்கு இரயில்வேப் பயணச் சீட்டு இல்லை. இரயில்வே ஓய்வூதியம் இல்லை. மாதக் கடைசியில் மாலையும் இல்லை. சட்டப்படி அவர்களுக்குரிய வைப்பு நிதியேனும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றதா என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கின்றோம்? ஒரு காலத்தில் சேமநிதிக் கதவுக்கு வெளியே நின்ற பாதைத் தொழிலாளியின் இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். கதவுக்கு உள்ளே வந்தவர்கள் வெளியே நிற்போரை மறப்பது வரலாற்றை மறப்பதாகும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் நமது பெரியோர். முப்பது நாற்பது ஆண்டு உழைப்பை இரயில்வேயில் போட்டோம். திரும்பி வருவதை அளந்து பார்ப்பது பேராசையாகாது. நமது சங்கத்தார் ஒன்று செய்யலாம். மாதத்தில் ஒரு மாலை, நூலக அறையில் இரண்டு மேசை போட்டு, காலனித் தாய்மார்களின் காகிதங்களைத் தமிழில் படித்துக் காட்டி, படிவம் நிரப்பித் தரலாம். நாம் வருவோம், நம்மோடு பணியாற்றும் இளைஞரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். பாய்லர் பாட்டியார் ஒரு வார்த்தை சொல்லக் காத்திருந்தார்; அவரிடம் யாரும் கேட்கவில்லை. இனி நமது காலனியில் எந்த அம்மையாரும் அக்குறையோடு கண்மூட வேண்டாம்.

வாழ்க உழைப்பு! வளர்க நமது சங்கம்!